டீ பிரேக்ல கிளம்பாதே!

ஜெர்மனியில யாருக்கும் முன்கூட்டியே பிறந்தநாள் வாழ்த்து சொல்லிடாதீங்க மக்களே. அபசகுனமாம்! 2024 செப்டம்பர் 16 ராத்திரி, இங்க கொலோன்ல, எங்க ஹாஸ்டல் கிச்சன்ல பக்கத்து ரூம் பையனுக்குப் பதினோரு மணிக்கே கை குடுத்து நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன். பன்னெண்டு அடிச்சப்புறம்தான் சொல்லணுமாம்.

"உன் பிறந்தநாள்லதான் எங்க ஊர் அஸ்வினும் பொறந்தார்"னு சமாளிச்சேன். "யாரு அது?"ன்னான். கிரிக்கெட்னா என்னன்னே தெரியாத ஜனங்க :-)

அஸ்வின் பொறந்தது 1986 செப்டம்பர் 17, சென்னையில. மறுநாளே சேப்பாக்கத்துல இந்தியா-ஆஸ்திரேலியா டெஸ்ட் ஆரம்பம். வெயில்ல வாந்தி எடுத்துக்கிட்டே டீன் ஜோன்ஸ் 210 அடிச்சாரே, அதேதான். கபில் 119 அடிச்சு ஃபாலோ ஆனைத் தவிர்த்தார். கடைசி நாள் இலக்கு 348. ஸ்கோர் சமமா நிக்கும்போது, கடைசி ஓவரோட அஞ்சாவது பந்துல மணீந்தர் சிங் எல்பிடபிள்யூ. மேட்ச் டை! 1960 பிரிஸ்பேனுக்கு அப்புறம் டெஸ்ட்ல ரெண்டாவது டை அதுதான். மூணாவது இன்னும் வரலை.

"அஞ்சு நாள் ஆடி யாருமே ஜெயிக்கலையா?"ன்னு கேட்டு கிச்சனே சிரிச்சுது.

எங்க அப்பா சிரிக்க மாட்டார். அந்தக் கடைசி நாள், செப்டம்பர் 22, காலேஜ் கட் அடிச்சிட்டு சேப்பாக்கம் போனவர், எப்படியும் டிராதான்னு டீ பிரேக்ல கிளம்பிட்டார். மிச்சத்தைத் திருவல்லிக்கேணி டீக்கடை ரேடியோவுலதான் கேட்டாராம். நான் எதைப் பாதியில விட்டாலும் "டீ பிரேக்ல கிளம்பாதடா"ம்பார்.

2024 செப்டம்பர்ல நானே கிளம்பற நிலைமையிலதான் இருந்தேன். ஒரு பரீட்சை, ரெண்டு தடவை ஊத்திக்கிச்சு. மூணாவது தான் கடைசி வாய்ப்பு. ஊருக்கே திரும்பிடலாமான்னு யோசனை. வீட்டுல சொல்லலை.

அந்த வாரம் சேப்பாக்கத்துல பங்களாதேஷ் டெஸ்ட். 144க்கு 6 விக்கெட் போனப்போ அஸ்வின் இறங்கி 113 அடிச்சார். ரெண்டாவது இன்னிங்ஸ்ல 88 ரன்னுக்கு 6 விக்கெட். இந்தியா 280 ரன்ல ஜெயிச்சுது. முடிஞ்ச நாள்? செப்டம்பர் 22! டை ஆகி சரியா 38 வருஷம்.

இங்க ஞாயித்துக்கிழமை காலை. மைதானத்துலேர்ந்தே அப்பா போன். "கடைசி விக்கெட் வரைக்கும் உக்காந்திருந்தேன்டா!"

அப்போதான் பரீட்சை விஷயத்தைச் சொன்னேன். திட்டலை. கொஞ்ச நேரம் கூட்டத்தோட சத்தம் மட்டும் கேட்டுது. "இன்னும் ஒரு பந்து இருக்கில்ல, ஆடிட்டு வா"ன்னார்.

ஆடினேன். பாஸ்! கேக் நான்தான் செஞ்சேன், கொஞ்சம் கருகிடுச்சு.

நீங்க பாதியில எழுந்து போய் கோட்டை விட்ட மேட்ச் எது? சொல்லிட்டுப் போங்க.