வன்னிப் பதுங்குகுழிகளும் பாரிஸ் லா சப்பலும்: போர் எச்சங்கள் குறித்த ஒரு விளக்கம்

பாரிஸ் நகரின் லா சப்பல் பகுதி ஈழத்தமிழர் கடைத்தெருவாக அறியப்படுவது. அங்கிருந்து ஃபோபூர் சென் தெனி வீதி வழியே தெற்கே சிறிது தொலைவு சென்றால் கார் து லெஸ்த் தொடருந்து நிலையத்தை அடையலாம். அதன் மேடைகளின் அடியில், 1939ஆம் ஆண்டைச் சேர்ந்த காங்கிரீற்றுப் பதுங்கறை ஒன்று இன்றும் உள்ளது. நச்சுவாயுத் தாக்குதல் நேர்ந்தாலும் தொடருந்துகளை இயக்க வேண்டும் என்பதற்காக அமைக்கப்பட்ட அவ்வறை, மரபுரிமை நாட்களில் பார்வையாளருக்குத் திறக்கப்படுவதுண்டு. அதே வீதியில் நடமாடும் தமிழர் பலர் தாமும் பதுங்குகுழிகளில் உயிர் காத்தவர்கள். ஆனால் அவர்கள் இருந்த குழிகள் பெரும்பாலும் எஞ்சவில்லை. இவ்வேறுபாட்டின் காரணத்தையும், அதனால் ஆய்வாளர்க்கு எழும் கடமையையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

எஞ்சியவை

ஈழத்தமிழர் வாழ்புலத்தில் இரண்டாம் உலகப்போரின் எச்சங்கள் இன்றும் உள. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மிஸ் மட்டக்களப்புக் கடலடியில் கிடக்கிறது. அதனோடு 307 பேர் மாண்டனர். அதே நாள் தாக்குண்ட திருகோணமலை எண்ணெய்த் தாங்கி ஒன்றின் சிதைவும் காணக் கிடைக்கிறது. பின்வந்த உள்நாட்டுப் போரில் வீழ்ந்த கிளிநொச்சி நீர்த்தாங்கி, வெற்றி பெற்ற தரப்பினரால் காட்சிப்பொருளாகப் பேணப்பட்டது. புலிகளின் தலைவர் பயன்படுத்திய நிலவறையோ சிலகாலம் காட்சிக்கு வைக்கப்பட்டு, 2013 ஒக்டோபரில் படையினரால் தகர்க்கப்பட்டது. எது எஞ்சும் என்பதைப் பொருளின் உறுதியோடு அதனை ஆளும் அதிகாரமும் முடிவு செய்கிறது என்பதற்கு இவ்விரண்டும் சான்று.

எஞ்சாதவை

பொதுமக்களின் பதுங்குகுழிக்கு உறுதியும் இல்லை, காவலும் இல்லை. வீட்டு முற்றத்தில் ஆளுயரத்திற்கு மண்ணை வெட்டி, மேலே பனங்குற்றிகளைப் பரப்பி, மண்மூட்டைகளை அடுக்குவது வழக்கம். சிதறும் துண்டுகள் நேரே உட்புகாதிருக்க ‘ட’ வடிவில் வளைத்து வெட்டுவதும் உண்டு. 2009இன் தொடக்க மாதங்களில் முள்ளிவாய்க்கால் கரையோர மணலில் இம்முறை கைகொடுக்கவில்லை. மணல் சரிந்தது, ஆழ வெட்டினால் நீர் ஊறியது. பைகள் கிடையாதபோது பெண்கள் சேலைகளைப் பைகளாகத் தைத்து மணல் நிரப்பினர். குற்றி உக்கிவிடும், சேலை இற்றுவிடும், குழி தூர்ந்துவிடும். மீள்குடியேறுவோர்க்கு அக்குழியை மூடுவதே வாழ்வின் தேவையுமாகும்.

சொல்லில் எஞ்சியவை

பொருள் அழிந்த இடத்தில் சொல் நிற்கிறது. பதுங்குகுழி என்னும் எழுத்து வழக்கிற்குப் பேச்சில் ‘பங்கர்’ என்பதே பெயர். வான்கலங்களுக்கும் மக்கள் தம் செவிக்கேற்பப் பெயரிட்டனர். ‘சியாமா செட்டி’ என்பது இத்தாலிய சியாய் மார்க்கெட்டி விமானம். இலங்கை வான்படையில் 1985 முதல் இயங்கியது. ‘கிபிர்’ 1996இல் இசுரேலிடமிருந்து பெறப்பட்டது. குண்டு வீசப் பயன்பட்ட சரக்கு விமானம் ‘சகடை’ எனவும், ஆளில்லா வேவு விமானம் அதன் இரைச்சலால் ‘வண்டு’ எனவும் வழங்கின.

இச்சொற்கள் காலங்கணிக்கும் சான்றுகளுமாகும். ஆண்டை மறந்த முதியவர் ஒருவர், கிபிர் வந்தபோது தாம் குழிக்குள் இருந்ததாகக் கூறினால், அந்நிகழ்வு 1996க்கு முற்பட்டதாக இருத்தல் அரிது. அகழாய்வில் மண்ணடுக்கு ஆற்றும் பணியை இங்கே சொல் ஆற்றுகிறது. எனினும் பிற்காலப் பெயரை முற்கால நிகழ்வின்மேல் ஏற்றிச் சொல்லுதலும் இயல்பாதலின், ஒருவர் கூற்றை மற்றொருவர் கூற்றோடு ஒப்பிடல் வேண்டும்.

ஆகவே புலம்பெயர்ந்தோரிடம் வாய்மொழி திரட்டுவோர், துயரக் கதையை மட்டும் கேட்டு அமைதல் போதாது. குழியின் வடிவம், ஆழம், மேல்மூடிய பொருள், வெட்டியவர், உள்ளே வைத்த பொருட்கள், அங்கு வழங்கிய சொற்கள் ஆகியவற்றையும் வினவி, வரைபடத்துடன் பதிதல் தகும். காங்கிரீற்று அறை அடுத்த நூற்றாண்டிலும் இருக்கக்கூடும். மண்குழியை அறிந்தவர்களோ முதுமை எய்தி வருகின்றனர். அவர்களுக்குப் பின் அக்குழிகளுக்குச் சான்றுரைக்கும் காட்சியாளர் எவரும் இரார்.