நாம் வாங்கிக் கொடுத்த திரையும் தங்கை மகளின் குறிப்பேடும்

சரக்கு வரத்து, வரி, எடைக்கருவி முத்திரை, வராக்கடன் என்று இந்த இதழில் எழுதி வந்த நாம், இம்முறை பள்ளிக்கூடத்துப் பக்கம் போகிறோம். வியாபாரத்துக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். சங்கத்துப் பணம் இதில் இருக்கிறது.

நமது சங்கம் ஊரிலுள்ள ஓர் அரசுப் பள்ளியின் எட்டாம் வகுப்புக்குப் பெரிய தொடுதிரை ஒன்று வாங்கிக் கொடுத்தது உறுப்பினர்களுக்கு நினைவிருக்கும். எந்தப் பள்ளி என்பது உங்களுக்குத் தெரியும், இங்கே பெயர் தேவையில்லை. சால்வை, மாலை, போட்டோ எல்லாம் சிறப்பாகவே நடந்தன. திரையைத் தேர்ந்தெடுத்த மூவர் குழுவில் நாமும் ஒருவர். அதே பள்ளிக்கு இந்த ஆண்டு பயிற்சி ஆசிரியையாகப் போய்ச் சேர்ந்தவள் நமது தங்கை மகள்.

பி.எட். படிப்பு முன்பு ஓராண்டாக இருந்தது. 2015 முதல் அது இரண்டாண்டாகிவிட்டது. இரண்டாம் ஆண்டில் 16 வாரம் ஒரு பள்ளியில் இருந்து பாடம் நடத்திப் பழக வேண்டும். ஒரே கல்லூரியிலிருந்து இரண்டு மூன்று பேர் ஒரே பள்ளிக்குப் போவார்கள். ஒருவர் பாடம் நடத்தும்போது மற்றவர் பின்னால் உட்கார்ந்து பார்த்துக் குறிப்பு எழுதித் தர வேண்டும். அதைப் படித்தபின் தனக்குத் தோன்றியதை அவரவர் தனிக் குறிப்பேட்டில் எழுதி வைக்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் நம் கடைக்கு வந்தாள். "மாமா, பழைய பில் புக் ஏதாவது இருக்கா? தள்ளுபடி போட்ட பில்லா வேணும். காலி அட்டைப் பெட்டியும் நாலு குடுங்க" என்றாள். எதற்கு என்று கேட்டதற்கு, பையிலிருந்து அந்தக் குறிப்பேட்டை எடுத்துக் கொடுத்தாள். "படிச்சுப் பாருங்க மாமா. ஆனா கோபப்படக் கூடாது."

கோபம் வந்தது உண்மை. அதைப் பிறகு சொல்கிறோம்.

எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் வாழ்வியல் கணிதம் என்று ஒரு பாடம் உண்டு. சதவீதம், லாப நஷ்டம், தள்ளுபடி, சரக்கு சேவை வரி எல்லாம் அதில் வருகின்றன. நம் பிழைப்பைத்தான் பிள்ளைகளுக்குப் பாடமாக வைத்திருக்கிறார்கள். தொடர் தள்ளுபடி என்ற பகுதியை நடத்த இரண்டு இரவு கண்விழித்து, திரையில் ஓடும்படி படங்கள் தயாரித்திருக்கிறாள். கடை வருகிறது, சட்டை வருகிறது, விலைச்சீட்டு சுற்றிச் சுற்றி வருகிறது. 500 ரூபாய்ச் சட்டைக்கு முதலில் 20 சதவீதம் தள்ளுபடி, அதன்மேல் இன்னும் 10 சதவீதம். 30 சதவீதம் என்று கூட்டி 350 ரூபாய் என்று சொன்னால் தப்பு. 500இல் 100 போய் 400, அந்த 400இல் 40 போய் 360. கம்பெனிக்காரர் டிரேடு டிஸ்கவுண்ட் கழித்த பிறகு கேஷ் டிஸ்கவுண்ட் தருவதைப் பார்த்த நமக்கு இது தண்ணீர் பட்ட பாடு. ஆனாலும் உங்கள் கடைப் பையனிடம் சும்மா கேட்டுப் பாருங்கள். நம் கடையில் மூன்று பேரில் இரண்டு பேர் 350 என்றார்கள்.

வகுப்பு நன்றாகவே போனதாக அவளுக்குத் தோன்றியிருக்கிறது. பிள்ளைகள் சத்தமில்லாமல் திரையைப் பார்த்தார்கள். வகுப்பாசிரியர்கூடப் பாராட்டினாராம். மணி அடித்ததும், பின்னால் உட்கார்ந்திருந்த சக பயிற்சி ஆசிரியை ஒரு தாளை நீட்டியிருக்கிறாள். அந்தத் தாளைக் குறிப்பேட்டிலேயே ஒட்டி வைத்திருக்கிறாள். அதில் இருந்தது இவ்வளவுதான்:

"'புரிந்ததா?' என்று 9 முறை கேட்டாய். 9 முறையும் 'புரிந்தது மிஸ்' என்று பதில் வந்தது. எழுதிக் காட்டச் சொன்னது 0 முறை. பேசும்போது உன் முகம் திரையைப் பார்த்தது. 11.20க்கு மேல் ஜன்னல் வெயில் திரையில் விழுந்தது. கடைசி இரண்டு பெஞ்சுக்கு ஒன்றும் தெரியவில்லை. நான் அங்கேதான் இருந்தேன்."

அன்று இரவு சாப்பிடாமல் படுத்துவிட்டாளாம். "அவளுக்கு என் மேல பொறாமைம்மா" என்று தாயிடம் அழுதிருக்கிறாள். பி.எட். வேண்டாம், கடையில் கணக்கு எழுதப் போகிறேன் என்றும் சொல்லியிருக்கிறாள். நம் தங்கை நமக்குப் போன் செய்து, "அண்ணே, பிள்ளைக்கு ஒரு இடம் பாத்து வை" என்றது இதனால்தான் என்று நமக்கு இப்போதுதான் தெரிகிறது.

மறுநாள் காலை, அந்தத் தாள் பொய் என்று காட்டுவதற்காகவே, பிள்ளைகளிடம் ஒரே ஒரு கணக்கைக் கொடுத்து அரைத்தாளில் எழுதச் சொல்லியிருக்கிறாள். எண்கள்கூட மாற்றவில்லை, அதே 500, அதே 20, அதே 10. 38 பிள்ளைகள். 26 பேர் 350 என்று எழுதியிருந்தார்கள்.

குறிப்பேட்டில் அன்றைய தேதிக்குக் கீழே அவள் எழுதியிருப்பதை அப்படியே தருகிறோம். "வகுப்பாசிரியர் நன்று என்றார். பிள்ளைகள் புரிந்தது என்றார்கள். இரண்டும் என்னைச் சந்தோஷப்படுத்தின. எனக்கு உதவியது அந்தத் தாள் மட்டும்தான். அவளுக்கும் என்னைப் போல் 22 வயது, அவளும் என்னைப் போல் கற்றுக்கொள்ளத்தான் வந்திருக்கிறாள். ஒன்றும் தெரியாதவள் என்னைச் சொல்வதா என்று நினைத்தேன். ஆனால் அவள் தன் கருத்தைச் சொல்லவில்லை, எண்ணிச் சொல்லியிருக்கிறாள்."

இந்த எண்ணிச் சொல்லும் பழக்கம் கல்லூரியில் சொல்லித் தந்தது. நுண்ணிலைக் கற்பித்தல் என்று அதற்குப் பெயர். அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் 1960களின் தொடக்கத்தில் டுவைட் ஆலன் என்பவரும் அவரைச் சேர்ந்தவர்களும் ஏற்படுத்திய முறை. ஒரே ஒரு திறமையை மட்டும் எடுத்துக்கொண்டு, சில நிமிடம் மட்டும், நாலைந்து பேருக்குப் பாடம் நடத்த வேண்டும். அங்கே வீடியோ காமிராவில் படம் பிடித்துப் போட்டுக் காட்டினார்கள். நம் நாட்டில் காமிராவுக்கு எங்கே போவது? ஆகவே உடன் படிப்பவர்களே மாணவர்களாகவும் உட்கார்ந்து, காமிராவாகவும் இருந்தார்கள். 6 நிமிடம் பாடம், 6 நிமிடம் மற்றவர்கள் குறை நிறை சொல்வது, 12 நிமிடம் திருத்தித் தயாராவது, 6 நிமிடம் மறுபடி அதே பாடம், 6 நிமிடம் மறுபடி குறை நிறை. ஆக மொத்தம் 36 நிமிடம். எத்தனை கேள்வி கேட்டாள், எத்தனை பேர் பதில் சொன்னார்கள் என்று ஒவ்வொன்றுக்கும் கோடு போடுவார்களாம். லாரியிலிருந்து மூட்டை இறக்கும்போது நாம் நாலு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுக்கிறோமே, அதேதான்.

இதில் நமக்குப் பிடித்தது, சொன்ன குறையை அப்போதே திருத்திச் செய்து பார்க்க இடம் வைத்திருப்பது. குறை மட்டும் சொல்லி அனுப்பிவிட்டால் மனிதனுக்கு ரோஷம்தான் மிஞ்சும்.

இப்போது எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறதே, அதில் படம் பிடித்துப் பார்த்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டோம். கல்லூரியில் பிடித்துப் பார்த்திருக்கிறாளாம். "போன்ல நான் தெரிஞ்சேன் மாமா. புடவை சரியா இருக்கா, கை ஆட்டுறேனான்னுதான் பாத்தேன். மூணாவது பெஞ்சுல எவன் முழிச்சான்னு போனுக்கு எப்படித் தெரியும்?" என்றாள். எல்லாருடைய தாளும் பயன்பட்டது என்றும் அவள் சொல்லவில்லை. முதல் ஆண்டில் வந்த தாள்களில் முக்கால்வாசி "நன்று", "குரல் இனிமை", "புன்னகையுடன் நடத்தினாய்" என்றுதான் இருந்தனவாம். நாளைக்கு நமக்கும் அவள்தானே எழுத வேண்டும் என்ற பயம்! நம் சங்கக் கூட்டங்களில் வரவு செலவு அறிக்கையைப் படித்தவுடன் கைதட்டி ஏற்றுக்கொள்கிறோமே, அதைப் போலத்தான்.

அடுத்த பிரிவுக்கு அதே பாடத்தை நடத்தத்தான் நம்மிடம் பில் புக்கும் அட்டைப் பெட்டியும் கேட்டு வந்திருக்கிறாள். பெட்டியை அடுக்கிக் கடை வைத்தாளாம். பிள்ளைகள் பாதிப் பேர் வியாபாரி, பாதிப் பேர் வாடிக்கையாளர். வியாபாரியாக இருந்த ஒரு பையன், இரண்டாவது தள்ளுபடியையும் 500இலேயே கழித்துவிட்டு, "10 ரூபா நஷ்டமாயிட்டுதே" என்று தலையில் கை வைத்தானாம். நமக்கு வேண்டிய பிள்ளை! திரையையும் அவள் விடவில்லை. நாலு நிமிடம் மட்டும் போட்டிருக்கிறாள். 500 என்ற நீளக் கட்டம் 400 ஆகச் சுருங்குகிறது, அடுத்த வெட்டு அந்தச் சின்னக் கட்டத்தில் விழுகிறது. சுற்றும் சட்டை எல்லாம் போய்விட்டது. பிறகு ஆளுக்கொரு சிலேட்டு. கணக்கைச் சொன்னதும் எழுதி, ஒரே நேரத்தில் தலைக்குமேல் தூக்கிப் பிடிக்க வேண்டும். ஒரே பார்வையில் யாருக்குத் தெரிந்தது, யாருக்குத் தெரியவில்லை என்பது தெரிந்துவிடும்.

நாம் மூட்டை வாங்கும்போது வாயைப் பிரித்து மேலாகப் பார்ப்பதோடு விடுவதில்லை. குத்தூசியை நடுவில் செருகி எடுத்துப் பார்க்கிறோம். "புரிந்ததா?" என்று கேட்பது மூட்டையின் வாயைப் பார்ப்பது. சிலேட்டுதான் குத்தூசி. இதை அவளிடம் சொன்னபோது, குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

இனி கோபம் வந்த இடம். அவள் குறிப்பேட்டில் நம் திரையைப் பற்றித் தனியாக ஒரு பக்கம் இருக்கிறது. ஜன்னலுக்குத் திரைச்சீலை இல்லை, ஆகையால் வெயில் ஏறியபின் பாதி வகுப்புக்குத் தெரிவதில்லை. கரண்ட் போய் வந்தால் மறுபடி ஓட ஆரம்பிக்கும்வரை வகுப்பு சந்தையாகிவிடுகிறது. ரிமோட் தலைமையாசிரியர் அறை பீரோவில் இருக்கிறது, தொலைந்தால் சங்கத்தாருக்கு யார் பதில் சொல்வது என்ற பயம். கம்பெனி ஆள் வந்து அரைமணி நேரம் சொல்லிக் கொடுத்தார், அதைக் கற்றுக்கொண்ட ஆசிரியர் மாறுதலாகிப் போய்விட்டார். கடைசியாக, "அன்பளிப்பு" என்று சங்கத்தின் பெயரும் குழு உறுப்பினர் பெயர்களும் அச்சிட்ட ஸ்டிக்கர் திரையின் கீழ்ப்பகுதியை இரண்டு விரல் அகலத்துக்கு மறைக்கிறது, கடைசி வரி தெரிவதில்லை.

அந்த ஸ்டிக்கருக்கு அளவு சொல்லி ஆர்டர் கொடுத்தவர் நாம்தான்.

யோசித்துப் பார்த்தோம். ஒரு மூட்டை துவரம்பருப்பைக் குத்தூசி போடாமல் வாங்காத நாம், இவ்வளவு விலையுள்ள ஒரு பொருளை வாங்குவதற்கு முன் அந்த வகுப்பறைக்குள் ஒருமுறைகூடப் போகவில்லை. எத்தனை இஞ்ச் என்றுதான் கேட்டோம். ஆசிரியர்களிடம் என்ன வேண்டும் என்று கேட்கவில்லை. வாங்கிக் கொடுத்தபின் எப்படி இருக்கிறது என்று கேட்டோம். "ரொம்ப நல்லா இருக்குங்க" என்றார்கள். 38 பிள்ளைகள் "புரிந்தது மிஸ்" என்றார்களே, அதே ராகம்.

முன்பொரு சமயம் எதிர்க்கடை மொத்த வியாபாரி, நம் எலக்ட்ரானிக் தராசின் எண் நம் பக்கம் மட்டும் தெரிகிறது, வாங்க வருபவருக்குத் தெரியவில்லை என்று நேருக்கு நேர் சொன்னார். ஒரு மாதம் அவருடன் பேசாமல் இருந்தோம். பிறகு இரு பக்கமும் எண் தெரியும் தராசாக மாற்றினோம். அவரிடம் நன்றி சொன்னோமா என்றால் இல்லை. தங்கை மகள் அந்தச் சிநேகிதிக்கு மறுநாளே டீ வாங்கிக் கொடுத்திருக்கிறாள்.

கருவிகள் வேண்டாம் என்பது நமது கட்சியல்ல. பாடப்புத்தகங்களில் 2018 முதல் கியூ.ஆர். கோடு அச்சிடுகிறார்கள், போனில் காட்டினால் பாடம் படமாக வருகிறது. நம் கல்லாவில் பணம் வாங்க ஒட்டியிருக்கிறோமே, அதே கறுப்பு வெள்ளைக் கட்டம்தான். 1994இல் ஜப்பானில் மோட்டார் உதிரிபாகங்களுக்குக் கணக்கு வைக்கக் கண்டுபிடித்தது அது. சரக்குக் கணக்குக்கு வந்தது, பள்ளிக்கூடத்துக்கும் உதவுகிறது. 2020இல் பள்ளிகள் மூடியபோது கல்வித் தொலைக்காட்சி இல்லையென்றால் பல பிள்ளைகளுக்கு எழுத்தே மறந்திருக்கும். ஆனால் நம் மண்டியில் சுமை தூக்குபவர் ஒருவர் வீட்டில் மூன்று பிள்ளைகளுக்கு ஒரு போன். அதையும் வேலைக்கு வரும்போது அவர் எடுத்து வந்துவிடுவார். பொருள் இருப்பது வேறு, அது பிள்ளையின் கைக்குப் போய்ச் சேர்வது வேறு என்பதை நாம் அப்போதே பார்த்தோம்.

வரும் செயற்குழுவில், இன்னொரு பள்ளிக்கும் இதேபோல் திரை வாங்கித் தருவது என்ற தீர்மானம் வருகிறது. நாம் ஒரு திருத்தம் கொடுத்திருக்கிறோம். முதல் திரை இருக்கும் வகுப்புக்கு ஜன்னல் திரைச்சீலை, கரண்ட் போனாலும் அணையாதிருக்க ஒரு யு.பி.எஸ்., இரண்டு பிரிவுக்கும் சேர்த்து 80 சிலேட்டு, ஆசிரியர்களுக்கு ஒருநாள் பயிற்சி, இவற்றை முதலில் செய்வோம். அடுத்த பள்ளிக்கு என்ன வாங்குவது என்பதைக் குழுவினர் ஒரு முழு பீரியடு கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தபிறகு முடிவு செய்வோம். ரிமோட் தொலைந்தால் சங்கம் கேள்வி கேட்காது என்று தலைமையாசிரியருக்கு எழுத்தில் கொடுப்போம். செலவுக் கணக்கைத் தனித்தாளில் செயலாளரிடம் ஒப்படைத்திருக்கிறோம். மறுப்பு உள்ளவர்கள் கூட்டத்தில் சொல்லலாம், எண்ணிச் சொன்னால் இன்னும் நல்லது.

ஸ்டிக்கர் விஷயத்துக்குச் செயற்குழு வரை காத்திருக்க வேண்டியதில்லை என்று தோன்றியது. சனிக்கிழமை பள்ளி விட்டதும், கொஞ்சம் தேங்காயெண்ணெயும் பழந்துணியும் கொடுத்துக் கடைப் பையனை அனுப்பி உரித்து எடுக்கச் சொல்லியிருக்கிறோம்.