புயலுக்குப் பின் வயல்வெளிப் பறவைகள்

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயல் சாய்த்த தென்னைகளை உழவர் பெருமக்கள் மறந்திருக்க மாட்டார்கள். அம்மரங்களில் பொந்து வைத்திருந்த மைனாக்களும், பகலில் ஒதுங்கிய கூகைகளும் அன்றே இடம் இழந்தன. கூலி கேட்காமல் எலியும் புழுவும் பிடித்து வந்தவை இவை.

காற்று ஒன்றே பறவையைக் கொல்வதில்லை. கிளையில் அமர்ந்து கால் மடங்கியதும் தசைநார் இறுகி, விரல்கள் தாமே கிளையைப் பற்றிக்கொள்ளும். இறகு நனைந்து உடற்சூடு குறைவதும், விடாத மழையில் இரை கிடைக்காததுமே பெருங்கேடு. சிறு குருவிகளின் உடலில் சேமிப்புக் கொழுப்பு மிகக் குறைவு.

நமது புயல் பருவத்தில்தான் வலசைப் பறவைகளும் கோடியக்கரைக்கு வருகின்றன. உள்ளான்கள் ஆழமற்ற சேற்று நீரில் இரை தேடுபவை. அங்கு நீர்மட்டம் உயர்ந்தால் களைத்து வந்த நிலையிலேயே வேறிடம் தேட வேண்டும். கடல் ஆலாக்கள் காற்றில் அடித்து வரப்பட்டு உள்நாட்டு ஏரிகளில் இறங்குவதும் உண்டு.

விழுந்த தென்னையைப் பறவைக்கென விட்டுவைக்கலாமா? கூடாது. மட்கும் தண்டில் காண்டாமிருக வண்டு பெருகி, எஞ்சிய மரங்களின் குருத்தைத் துளைக்கும். அதை அகற்றிவிட்டு, கிளை முறிந்தாலும் அடிமரம் உறுதியாக நிற்கும் புளி, இலுப்பை, வாகை ஆகியவற்றைப் பொந்தோடு விடுங்கள். விறகு விலைக்கு ஆசைப்பட்டு இவற்றையும் வெட்டிவிடுவதே வழக்கமாக இருக்கிறது.

புது மரம் வளர ஆண்டுகள் ஆகும். அதுவரை நெல் வயலில் ஏக்கருக்கு 20 வீதம், பயிருக்கு மேல் ஓரடி உயரம் நிற்குமாறு குறுக்குக் கம்பு கட்டிய குச்சிகளை நடுங்கள். பகலில் கரிச்சானும் இரவில் ஆந்தையும் அதில் அமரும். கதிர் பால் பிடிக்கும்போது பிடுங்கிவிட வேண்டும். இல்லையேல் மணி தின்னும் குருவிகளுக்கும் அதுவே இருக்கையாகும். வெள்ளம் வடிந்தபின் வரப்பில் எலி சேர்ந்தால் மூங்கில் கிட்டி வையுங்கள். புரோமடியலோன் தின்ற எலியைத் தின்னும் கூகையும் மடியக்கூடும்.

நனைந்து துவண்ட பறவையைக் கண்டால், துளையிட்ட அட்டைப்பெட்டியில் உலர்ந்த துணி விரித்து இருட்டில் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்; மூச்சுக்குழலில் இறங்கிவிடும். செத்த பறவையை வெறுங்கையால் தொட வேண்டாம். காலில் உலோக வளையம் இருந்தால், அது மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தார் கோடியக்கரையில் மாட்டியதாக இருக்கலாம். அதன் எண்ணைக் குறித்து அருகிலுள்ள வனத்துறை அலுவலகத்தில் தெரிவியுங்கள்.