தொண்ணூற்றோராவது யுனிட்

மூடைக்கு ஐந்து ரூபாய் வித்தியாசம் என்றால் மொத்த வியாபாரியுடன் அரை மணித்தியாலம் பேரம் பேசுவோம். வீட்டு மின்சார பில் வந்தால் மட்டும் கடைசித் தொகையைப் பார்த்துவிட்டுக் கட்டிவிடுகிறோம். நான் அறிந்த வியாபாரிகளில் பலருக்கு அந்தக் கணக்கு எப்படி ஓடுகிறது என்பதே தெரியாது.

2022 ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் கட்டணம் பெரிதாக உயர்ந்தது. பிறகு குறைந்தும் கூடியும் பல தடவை மாறிவிட்டது. ஆனாலும் படிப்படியாக ஏறும் முறை மாறவில்லை. 2023 பெப்ரவரிக் கட்டணத்தையே உதாரணமாக எடுங்கள். மாதம் 90 யுனிட் பாவித்த வீட்டுக்கு யுனிட் 42 ரூபாய், நிலையான கட்டணம் 650. வரி நீங்கலாக 4,430 ரூபாய். 91 யுனிட் பாவித்தவருக்கு அந்தக் கடைசி யுனிட் 50 ரூபாய், நிலையான கட்டணமோ 1,500 ஆகிவிடும். மொத்தம் 5,330. ஒரேயொரு யுனிட்டுக்கு 900 ரூபாய்! 60ஐத் தாண்டினால் முதல் 60க்கும் சேர்த்தே விலை கூடும். அன்று 60 யுனிட்டுக்கு 2,560 ரூபாய், 61க்கு 3,212.

நம் நானுஓயாவில் யுனிட்டை விழுங்குவது சுடுதண்ணீர்தான். 20 லீற்றர் தண்ணீரை 15 பாகையிலிருந்து 45 பாகைக்குக் கொண்டுவர ஏறக்குறைய 0.7 யுனிட் வேண்டும். கடைக்காரர் எந்தச் சாதாரண கொயில் ஹீட்டரைப் புகழ்ந்து விற்றாலும் இந்தக் கணக்குக் குறையாது. நான்கு பேர் தினமும் ஒவ்வொரு வாளி குளித்தால் மாதம் 84 யுனிட். பல்ப் எரியுமுன்பே 90 நெருங்கிவிடும். கவ்வாத்து மிலாறு கிடைக்கும் ஊர் இது. குளிக்கிற தண்ணீரை விறகடுப்புக்கு மாற்றுங்கள். இரவில் அடுப்பு அணையுமுன் காய்ச்சி பிளாஸ்கில் ஊற்றி வைத்தால் ஸுபஹுக்கு வுழூச் செய்ய, பச்சைத் தண்ணீரோடு கலக்கப் போதும். தாங்கி ஹீட்டர் உள்ளவர்கள் நாள் முழுக்கப் போட்டு வைக்காதீர்கள். இந்தக் குளிரில் தாங்கியின் சூடு சும்மா வெளியேறும்.

பிரிஜ் கதவில் ஒரு தாளை வைத்து மூடி இழுங்கள். இலேசாக வந்தால் ரப்பர் போய்விட்டது. 60 வாற்று குண்டு பல்ப் இன்னும் இருந்தால், ஐந்து மணி நேரம் எரிய மாதம் 9 யுனிட். 9 வாற்று எல்.ஈ.டி.க்கு ஒன்றரை கூட வராது.

பில் வந்த 20ஆம் நாள் மீற்றரைப் பாருங்கள். 60 ஓடியிருந்தால் மிச்சம் பத்து நாளைக்குக் கையில் இருப்பது 30 யுனிட். மீற்றர் பார்ப்பவர் முந்தியோ பிந்தியோ வந்தால், நாட்களுக்கேற்ப அந்த எல்லையும் மாறும். ஆகவே நாளுக்கு மூன்று யுனிட் என்றே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.