உங்களுக்குத் தெரியுமா? கூட்டினால் விடையே வராத கணக்குகள்!

1-லிருந்து 1-ஐக் கழியுங்கள். பிறகு 1-ஐக் கூட்டுங்கள். மறுபடி கழியுங்கள். இப்படியே முடிவில்லாமல் போனால் விடை என்ன? 1, 0, 1, 0 என்று தாவிக்கொண்டே இருக்கும். விடையே கிடையாது!

1703-ல் இதை எழுதியவர் கிராண்டி என்ற இத்தாலியத் துறவி. அடைப்புக்குறியை ஒருவிதமாகப் போட்டால் 0, இன்னொரு விதமாகப் போட்டால் 1! அவரோ 1/2 என்றார். ஒன்றுமில்லாததிலிருந்து கடவுள் உலகைப் படைத்ததற்கு இதையே சான்றாகவும் காட்டினார்!

1 + 1/2 + 1/3 + 1/4... எண்கள் தேய்ந்துகொண்டே போகின்றன. கூட்டுத்தொகை எங்காவது நின்றுவிடும் என்றுதானே நினைப்பீர்கள்? நிற்காது! எவ்வளவு பெரிய எண்ணையும் தாண்டிவிடும். பிரான்சின் நிக்கோல் ஒரேம் 1350 வாக்கிலேயே இதை நிரூபித்துவிட்டார்!

ஆனால் வேகம்? ஆமையே தேவலாம்! முதல் 10 லட்சம் எண்களைக் கூட்டினாலும் 15 வராது. 100-ஐத் தாண்ட எத்தனை எண்கள் வேண்டும்? அந்த எண்ணிக்கையை எழுதவே 44 இலக்கங்கள்!

இதே வரிசையில், கீழே 9 என்ற இலக்கம் வரும் பின்னங்களை மட்டும் தூக்கிவிடுங்கள். 1/9, 1/19, 1/90... எல்லாம் வெளியே! இனி எவ்வளவு கூட்டினாலும் 23-ஐத் தொடாது!

இருப்பதிலேயே அபாரம் இதுதான். வரிசையை மாற்றிக் கூட்டினாலும் விடை மாறாது என்றுதானே பள்ளியில் படித்தோம்? இங்கே மாறும்!

1 − 1/2 + 1/3 − 1/4... சுமார் 0.693. அதே எண்களை, ஒன்றைக் கூட்டி இரண்டைக் கழிக்கும்படி அடுக்குங்கள்: 1 − 1/2 − 1/4 + 1/3 − 1/6 − 1/8... எதையும் விடவில்லை, எதையும் இருமுறை சேர்க்கவில்லை. விடை சரிபாதி!

ஜெர்மானிய மேதை ரீமான் 1854-ல் இன்னும் மேலே போனார். அடுக்குகிற விதத்தில் அடுக்கினால், நீங்கள் கேட்கும் எந்த எண்ணும் விடையாக வரும்! 7 வேண்டுமா? வரும். ஒரு கோடி? வரும். விடையே வேண்டாமா? அப்படியும் அடுக்கலாம்!

நம்ம ராமானுஜன் இல்லாமலா? 1 + 2 + 3 + 4... என்பதன் மதிப்பு −1/12 என்று 1913-ல் சென்னையிலிருந்து ஆங்கிலேயக் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் போட்டார். இதைச் சொன்னால் பைத்தியக்கார விடுதியைத்தான் காட்டுவீர்கள் என்றும் அதிலேயே எழுதினார்! சாதாரணமாகக் கூட்டினால் முடிவிலிக்கு ஓடும் இந்தத் தொடருக்கு, ரீமானின் ஜீட்டா சார்பு என்ற கணிதச் சூத்திரம் தரும் மதிப்பும் அச்சு அசல் −1/12!