கடல் கடந்து வரும் பணம்: கிரிப்டோ வழி கைகொடுக்குமா?

புது தில்லி: வளைகுடாவில் கட்டடம் கட்டும் தொழிலாளி மாத முடிவில் வீட்டுக்கு அனுப்பும் பணம் முழுமையாக வீட்டைச் சென்றடைவதில்லை. அனுப்பும் நிறுவனம் கட்டணம் எடுக்கிறது. நாணய மாற்று விகிதத்தில் மேலும் ஒரு பகுதி கரைகிறது. இந்த இழப்பைத் தவிர்க்கக் "கைப்பேசியில் கிரிப்டோ வாங்கி அனுப்பினால் போதும், சில நிமிடங்களில் சேர்ந்துவிடும்" என்ற ஆலோசனை இப்போது தொழிலாளர் விடுதிகள் வரை எட்டியிருக்கிறது. அது நல்ல ஆலோசனைதானா?

உலகிலேயே வெளிநாடுகளிலிருந்து அதிகக் குடும்பப் பணம் பெறும் நாடு இந்தியா. 2023-24 நிதியாண்டில் இவ்வாறு வந்த தொகை 11,870 கோடி டாலர் என்பது ரிசர்வ் வங்கியின் கணக்கு. இதில் சுமார் 38 சதவீதம் வளைகுடா நாடுகளிலிருந்து வந்தது. பெறும் மாநிலங்களில் மகாராஷ்டிரத்துக்கும் கேரளத்துக்கும் அடுத்து, 10.4 சதவீதப் பங்குடன் தமிழகம் மூன்றாம் இடத்தில் உள்ளது.

200 டாலர் அனுப்புவதற்கான உலக சராசரிச் செலவு 6 சதவீதத்துக்கும் மேல் என்கிறது உலக வங்கி. இதை 2030-க்குள் 3 சதவீதத்துக்கும் கீழே கொண்டுவர வேண்டும் என்பது ஐ.நா.வின் நீடித்த வளர்ச்சி இலக்குகளில் ஒன்று. 20 ஆயிரம் ரூபாய் அனுப்புபவருக்கு 6 சதவீதம் என்றால் 1,200 ரூபாய் இழப்பு. 3 சதவீதம் என்றால் 600 ரூபாய். வளைகுடா - இந்தியா வழித்தடம் உலகின் மலிவான வழித்தடங்களில் ஒன்று என்பது உண்மையே. ஆனால் மாதந்தோறும் அனுப்பும் எளிய குடும்பத்துக்கு நூறு ரூபாயும் கணக்குதான்.

இரு முனைகளில் சிக்கல்

கிரிப்டோ வழி இயங்கும் விதம் எளிது. துபையில் இருப்பவர் தன் திர்ஹாமைக் கொடுத்து, டாலர் மதிப்போடு பிணைக்கப்பட்ட "ஸ்டேபிள்காயின்" வாங்குகிறார். பிட்காயினைப் போல் இதன் விலை நாள்தோறும் ஏறி இறங்குவதில்லை. அதை ஊரிலுள்ள மனைவியின் கைப்பேசிக்கு அனுப்புகிறார். இந்த நடுவழிப் பயணத்துக்குச் செலவு மிகக் குறைவு.

செலவும் சிக்கலும் இருப்பது இரு முனைகளில்தான். மளிகைக் கடைக்காரரும் பள்ளிக்கூடமும் ரூபாயைத்தான் கேட்பார்கள். எனவே அங்கே திர்ஹாமைக் கொடுத்து வாங்கியதை, இங்கே விற்று ரூபாயாக்கியாக வேண்டும். இரு இடங்களிலும் தரகு உண்டு.

இங்கே குறுக்கிடுகிறது வரி. 2022 பட்ஜெட்டில் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி விதிக்கப்பட்டது. ஒன்றில் ஏற்பட்ட நஷ்டத்தை மற்றொன்றில் கிடைத்த லாபத்தில் கழிக்க முடியாது. அதே ஆண்டு ஜூலை முதல், ஒரு சிறு வரம்பைத் தாண்டிய விற்பனைக்கு 1 சதவீத டிடிஎஸ் பிடித்தமும் நடைமுறைக்கு வந்தது. வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்பவர் இதைத் திரும்பப் பெறலாம்; தாக்கல் செய்யாத குடும்பத்துக்கு அது போன பணமே. மிச்சம் பிடிக்கப் போன இடத்தில் 20 ஆயிரத்துக்கு 200 ரூபாய் இப்படியே கழிகிறது.

தடையுமில்லை, அனுமதியுமில்லை

சட்டத்தின் நிலையோ மேலும் குழப்பமானது. கிரிப்டோ வர்த்தகர்களுக்கு வங்கிகள் சேவை அளிக்கக் கூடாது என்று 2018 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி பிறப்பித்த உத்தரவை 2020 மார்ச் 4-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 2021 குளிர்காலக் கூட்டத்தொடருக்குப் பட்டியலிடப்பட்ட மசோதா நாடாளுமன்றத்தில் அறிமுகமாகவே இல்லை. வரி விதிப்பதாலேயே அங்கீகாரம் அளித்ததாகாது என்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் விளக்கினார். 2023 மார்ச்சில் இந்தத் தொழில் பண மோசடித் தடுப்புச் சட்ட வரம்புக்குள் கொண்டுவரப்பட்டது. ஆனால், அங்கீகரிக்கப்பட்ட பணம் அனுப்பும் வழிகளில் கிரிப்டோ இடம்பெறவில்லை. அரசு வரி வசூலிக்கிறது, பாதுகாப்பு தரவில்லை.

இந்தக் குழப்பத்தின் சுமை எளியவர் தலையில் விழுகிறது. பரிமாற்ற நிறுவனத்தைத் தவிர்த்து, முன்பின் தெரியாத ஒருவருக்கு நேரடியாக விற்றால் கூடுதல் விலை கிடைப்பது உண்டு. அப்படிக் கூடுதல் விலை தருபவர் யார் என்பது தெரியாது. அவர் செலுத்திய ரூபாய் இணைய மோசடியில் பறிக்கப்பட்டதாக இருந்தால், பணத்தின் தடத்தைப் பின்தொடரும் காவல் துறையின் கோரிக்கையின் பேரில், பெற்றவரின் வங்கிக் கணக்கு முடக்கப்படுகிறது. ஏதோ ஒரு மாநிலத்தில் பதிவான வழக்குக்காக, வேறொரு மாநிலத்துக் குடும்பம் அலைய நேரிடுகிறது. பழைய உண்டியல் முறையிலிருந்த அதே ஆபத்து புதிய உருவில் வந்திருக்கிறது.

வங்கி வைப்புக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு, கிரிப்டோவுக்கு இல்லை. 2024 ஜூலையில் வாசிர்எக்ஸ் நிறுவனத்திலிருந்து சுமார் 23 கோடி டாலர் களவாடப்பட்டபோது, வாடிக்கையாளர்கள் தங்கள் கிரிப்டோ இருப்பை எடுக்க ஓராண்டுக்கும் மேல் காத்திருந்தனர். டாலருக்கு நிகரானது என்று சொல்லப்பட்ட டெர்ரா-யுஎஸ்டி 2022 மே மாதம் சில நாள்களில் மதிப்பிழந்தது.

எல் சால்வடோர் தரும் பாடம்

அரசே முன்னின்று நடத்தினால் நிலைமை மாறுமா? மத்திய அமெரிக்காவிலுள்ள எல் சால்வடோர் அதைச் சோதித்துப் பார்த்தது. அந்நாட்டுப் பொருளாதாரத்தில் ஏறத்தாழ கால் பங்குக்கு நிகரான தொகை, அமெரிக்காவில் உழைப்போர் அனுப்பும் பணமாக வருகிறது. 2021 செப்டம்பரில் பிட்காயின் அங்கு சட்டபூர்வ நாணயமானது. அரசே செயலி தந்தது. சேர்ந்தவருக்கு 30 டாலர் அன்பளிப்பும் தந்தது. ஆயினும், கிரிப்டோ வழியே வந்த குடும்பப் பணம் மொத்தத்தில் 2 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. சர்வதேச நிதியத்திடம் 140 கோடி டாலர் கடனுக்காகச் செய்துகொண்ட உடன்பாட்டையொட்டி, பிட்காயினை ஏற்கும் கட்டாயத்தை 2025 ஜனவரியில் அந்நாடு நீக்கியது.

மாற்று வழி இருக்கிறது

மலிவான வழி வேண்டும் என்ற கோரிக்கையில் தவறில்லை. 2023 பிப்ரவரி 21-ல் இந்தியாவின் யுபிஐ, சிங்கப்பூரின் பேநவ் அமைப்புடன் இணைக்கப்பட்டது. நாளொன்றுக்கு 60 ஆயிரம் ரூபாய் வரை கைப்பேசியிலேயே, நேராக வங்கிக் கணக்குக்கு அனுப்பலாம். தொடக்கத்திலேயே சேர்ந்த வங்கிகளில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் அடங்கும். மலேசியா உள்ளிட்ட நாடுகளை இணைக்கும் "நெக்சஸ்" திட்டத்தில் 2024-ல் ரிசர்வ் வங்கி சேர்ந்தது. ஐக்கிய அரபு அமீரகத்தின் பணப் பரிமாற்ற அமைப்புடன் யுபிஐயை இணைக்க 2023 ஜூலையில் ஒப்பந்தமும் கையெழுத்தானது.

ஒப்பந்தங்களின் பயன் தொழிலாளியின் கைப்பேசியை வந்தடைய வேண்டும். வளைகுடாவின் எல்லா நாடுகளுக்கும் அது விரிவடைய வேண்டும். கிரிப்டோ பற்றி அரசு தெளிவான சட்டம் இயற்ற வேண்டும்; அதுவரை முடக்கப்பட்ட கணக்குகளுக்குக் காலவரையறையுடன் தீர்வு காணும் ஏற்பாடாவது தேவை. நேர்வழியின் கட்டணம் குறையாதவரை, குறுக்குவழியைத் தேடாதே என்று தொழிலாளியிடம் சொல்லும் தகுதி யாருக்கும் இல்லை.