வாய் திறவாத பிள்ளை

ராஜகீழ்ப்பாக்கத்திலும் தாம்பரத்தைச் சுற்றிலும் எழும் அடுக்குமாடிகளைக் கட்டுவோரில் வடமாநிலத்தவர் பலர். அவர்தம் பிள்ளை வகுப்பில் வாய் திறவாதிருந்தால், மந்தபுத்தி என்று நாம் எளிதில் முடிவுகட்டிவிடுகிறோம்.

ஒடியாவில் எண்ணத் தெரிந்த சிறுவனுக்குக் கணக்குத் தெரியும். எண்களின் தமிழ்ப் பெயர்களே தெரியா. சிறுபான்மை மொழியினரின் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க வசதி வேண்டுமென 1956 முதல் அரசியலமைப்பே கூறுகிறது. திருவள்ளூர் மாவட்டச் செங்கற்சூளைப் பிள்ளைகளுக்கு ஒடியாப் பாடநூல்கள் வரவழைக்கப்பட்டதுண்டு. தமிழும் அவர்களுக்கு வேண்டியதே. 2006ஆம் ஆண்டுச் சட்டம் அதைப் பள்ளிகளில் கட்டாயப் பாடமாக்கியது.

“அவர்களால் எங்கள் பிள்ளைகளின் படிப்புத் தடைப்படுகிறது” என்னும் பெற்றோரே, 1732இல் சதுரகராதி தந்த வீரமாமுனிவரும் தமிழறியாமல் வந்திறங்கியவர்தாமே! அச்சிறுவனை மாலையில் உங்கள் பிள்ளைகளோடு விளையாட அழையுங்கள். அவர்கள் நான்கு ஒடியாச் சொற்களோடு வீடு திரும்பினால் அதட்டாதீர்கள்.